பி.கே.எம். 1 தக்காளி விதை: மதுரை மொட்டைமாடியில் ஓர் ஆடிப்பட்டம்

ரசத்துக்குப் புளிப்புள்ள தக்காளி வேண்டும் என்று தேடித்தான் இந்த விதைக்கு வந்தேன். கடைகளில் கிடைக்கும் பெங்களூர்த் தக்காளி பார்க்க அழகு. ஆனால் கையால் பிசைந்தால் கரையாது, புளிப்பும் ஏறாது. போன வருடம் இணையத்தில் ‘நாட்டுத் தக்காளி’ என்று ஓர் உறை வாங்கினேன். 25 விதை போட்டதில் 4 முளைத்தது. உறையில் ரகத்தின் பெயரும் இல்லை, முளைப்புச் சோதனை செய்த தேதியும் இல்லை. அதை வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும்.

இந்த முறை தங்கை ஊரான பெரியகுளத்துக்குப் போயிருந்தபோது பி.கே.எம். 1 வாங்கி வந்தேன். அங்கே உள்ள தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான ரகம் இது, பி.கே.எம். என்பதே ஊர்ப் பெயரின் சுருக்கம்தான். அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து சடுதி மாற்றம் மூலம், அதாவது மரபணுவில் திடீர் மாற்றத்தைத் தூண்டி, எடுத்திருக்கிறார்கள். முருங்கையிலும் பி.கே.எம். 1 உண்டு, அதனால் கடையில் ‘தக்காளி’ என்று சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

பொட்டலம் 10 கிராம். ஒரு கிராமில் ஏறக்குறைய 300 விதை இருக்கும். செடி வளர்க்கப் பத்துப் பை வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது மிக அதிகம். சின்னப் பொட்டலம் கிடைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறை. நான் தெருவில் ஆறு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தேன். அட்டையில் ரகம், முளைப்புத்திறன், சோதித்த தேதி எல்லாம் தெளிவாக இருந்தன. சான்று பெற்ற விதை என்றால் அட்டை நீல நிறத்தில் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

ஆடி முதல் வாரம் குழித்தட்டில் 40 விதை போட்டேன். தென்னைநார்க் கழிவை அப்படியே பயன்படுத்தாமல் மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசினேன், ஏனென்றால் அதில் உப்பு இருக்கும். பிழிந்த பிறகு மூன்று பங்குக்கு ஒரு பங்கு மண்புழு உரமும் நாற்றழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி ஒரு கையும் கலந்தேன். நாற்றழுகல் வந்தால் ஒரே இரவில் தண்டு தரையோடு மடங்கிவிடும், பிறகு செய்ய எதுவும் இல்லை. அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். ஆறாம் நாள் காலையில் பார்த்தால் வெள்ளைத் தண்டு வளைந்து எழுந்து நிற்கிறது. சிலதில் விதைத்தோல் இன்னும் இலை நுனியில் தொப்பி போல ஒட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுக்காதீர்கள், இலையும் சேர்ந்து வந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மாலைக்குள் தானாக உதிரும். மொத்தம் 35 முளைத்தது.

முளைத்த அன்றே வெயிலுக்கு மாற்றியதுதான் நாற்றுகள் நெடுநெடுவென்று போகாமல் காப்பாற்றியது. 26ஆம் நாள் பைக்கு மாற்றினேன், பைக்கு ஒரு செடி. இந்த ரகம் ஓர் அளவோடு நின்று புதராகப் படரும், அதனால் பந்தல் தேவையில்லை. மூன்றடிக் கம்பு ஒன்று போதும். மாடித்தோட்டத்துக்கு இதைவிட வசதி வேறு இல்லை. செடியைத் தொட்டால் விரலில் பச்சை மஞ்சளாக ஒரு கறை ஒட்டும், அந்த வாசனை மதியச் சாப்பாடு வரை கையில் இருக்கும். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

ஆவணி நடுவில் பூத்தது. மதுரை வெயில் அப்போது இன்னும் தணியவில்லை, முதல் கொத்துகளில் பாதி உதிர்ந்துவிட்டது. தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், ஆனால் அது உலுக்கப்பட வேண்டும். எங்கள் மாடிக்குத் தேனீ அதிகம் வராது. காலை ஒன்பது மணிக்குள் காம்பை விரலால் மெல்லத் தட்டிவிட ஆரம்பித்த பிறகு காய் நன்றாகப் பிடித்தது. இரண்டு செடி இலைச்சுருள் நோயில் போனது. வெள்ளை ஈ பரப்புவது அது. மற்ற செடிகளுக்குப் பரவாமல் அவற்றை உடனே பிடுங்கிவிட்டு மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினேன்.

தீபாவளிக்கு முதல் நாள் முதல் பழம் பறித்தேன். கொஞ்சம் தட்டையான உருண்டை, காம்பைச் சுற்றிக் கரும்பச்சை. அந்தப் பச்சை முழுவதும் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அடிப்பக்கம் சிவந்தாலே பறிக்கலாம். ஒரே பழத்தைக் கையால் பிசைந்து ரசம் வைத்தேன். புளி பாதிதான் போட்டேன், அதுவே சரியாக இருந்தது. மாமியார் இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, “இது அந்தக் காலத்துத் தக்காளிம்மா” என்றார். ஐப்பசி மழை பிடித்ததும் சில பழம் வெடித்தது. மழைக்கு முன்னால் மண்ணைக் காய விட்டது என் தவறு.

எட்டுச் செடியில் இதுவரை 11 கிலோ எடுத்திருக்கிறேன். வீரிய ஒட்டு ரகம் இதைவிட அதிகம் காய்க்கும், ஆனால் அதன் விதையைப் போட்டால் அடுத்த செடி தாயைப் போல வராது. இதில் அந்தக் கவலை இல்லை. நோயில்லாத செடியில் நன்றாகப் பழுத்த மூன்று பழத்தைப் பிழிந்து, சாற்றோடு ஒன்றரை நாள் புளிக்க விட்டு, அலசி நிழலில் உலர்த்தினேன். கார்த்திகையில் அதில் 20 விதை போட்டேன். எட்டாம் நாள் 18 நாற்று நிற்கிறது.