பழைய போட் மோட்டர் வாங்கப் போறீங்களா, "புது ஆயில் ஊத்திருக்கேன்"னு சொன்னா உஷாரா இருங்க

மும்பை தாரூகானா (பழைய கப்பல், படகு சாமான் விக்கிற ஏரியா) பக்கம் பழைய அவுட்போர்டு மோட்டர் (படகுக்குப் பின்னாடி வெளிய மாட்டுற இஞ்சின்) பாக்கப் போற நம்ம ஆளுங்க இதப் படிச்சுட்டுப் போங்க. கடை பேரு போடல, போட்டா தேவையில்லாத வம்பு.

நான் இருக்கிறது தாராவி. மாஹிம் கோளிவாடால நண்பர் ஒருத்தரு, அவரோட பங்குல சின்ன ஃபைபர் படகு ஒன்னு வச்சிருக்கேன். இங்க ஜூலை 31ஓட மீன்பிடி தடைக்காலம் முடியுது, எங்க பழைய இஞ்சின் மழைல கெடந்து ஜாம் ஆயிருச்சு, மொத நாளே கடலுக்கு எறங்கணும்னு அவருக்கு ஒரே அவசரம், அந்த அவசரத்த கடைக்காரன் எங்க மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிருப்பான். 40 ஹெச்பி டூ ஸ்ட்ரோக், 68,000 ரூபா. நீல ட்ரம்ல தண்ணி ரொப்பி ஸ்டார்ட் பண்ணான், ரெண்டாவது இழுப்புல புடிச்சுருச்சு, ஃபார்வர்டு ரிவர்ஸ் ரெண்டும் போட்டுக் காட்டுனான், கீழ ஸ்க்ரூவ லூஸ் பண்ணி கியர் ஆயில வெரல்ல தொட்டும் காட்டுனான், தேன் மாதிரி இருந்துச்சு. "நயா தேல் டாலா ஹை, பாய்"னு பெருமை வேற. நாங்களும் பரவால்லயே, ஆயில் கூட மாத்தி வச்சிருக்கானேன்னு காச எண்ணிக் குடுத்துட்டு வந்துட்டோம்.

தண்ணில எறக்குனா மெதுவா போறப்ப ஒன்னும் இல்ல. ஆக்சிலேட்டர் பாதி தாண்டுச்சுன்னா தடக் தடக்னு கீழ அடிக்குது, இஞ்சின் மட்டும் கத்துது, படகு நவுரல, குறைச்சா திரும்பப் புடிச்சுக்குது. ஃபோன் பண்ணா "ப்ரொப்பெல்லர் உள்ள ரப்பர் போயிருக்கும்"னு சொல்லி 4,500 ரூபாய்க்கு ஒரு பழைய ப்ரொப்பெல்லரையும் எங்க தலைல கட்டிட்டான். மாட்டிப் பாத்தோம், அதே தடக் தடக்.

அப்புறம் சசூன் டாக் மீன்பிடி துறைமுகத்துல வேலை பாக்கிற தூத்துக்குடி அண்ணாச்சி ஒருத்தர கூட்டிட்டு வந்தோம். அவரு ப்ரொப்பெல்லர் நடுவுல இருக்கிற உள் குழாய்லருந்து வெளி உடம்பு வரைக்கும் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டாரு, அது ரெண்டுக்கும் நடுவுலதான் அந்த ரப்பர் இருக்கு. ஓட்டிட்டு வந்து பாத்தா கோடு போட்டபடியே நேரா இருக்கு. "ரப்பர் சறுக்குனா கோடு ரெண்டா பிரிஞ்சிரும் தம்பி, சத்தம் இல்லாம வழுக்கிட்டுப் போகும், இப்படி அடிக்காது, இது உள்ள கியர் கழண்டு கழண்டு விழுவுற அடி"ன்னாரு. மோட்டர அப்படியே ராத்திரி பூரா செங்குத்தா நிக்க விடச் சொல்லிட்டுப் போயிட்டாரு.

காலைல வந்து கீழ ஸ்க்ரூவ லேசா திருகுனாரு. மொதல்ல வந்தது தண்ணி, சுத்தமான கடல் தண்ணி, அரை டீ கிளாஸ் இருக்கும். பின்னாடியே தேன் கலர் போயி மோர் கலர்ல ஆயில். ஸ்க்ரூ முனைல காந்தம் இருக்கும்ல, அதுல மை மாதிரி சாம்பக் கலர்ல கொஞ்சம் ஒட்டியிருந்தா பரவால்ல, எல்லா மோட்டர்லயும் வர்ற தேய்மானம் தானாம். எங்களுதுல நகம் வெட்டிப் போட்ட மாதிரி இரும்புத் துண்டு. பிரிச்சா கிளட்ச் டாக் (கியரோட மாட்டி ப்ரொப்பெல்லர சுத்த வைக்கிற பல்லுள்ள துண்டு) மூலையெல்லாம் தேஞ்ச சோப்பு மாதிரி உருண்டை, ஃபார்வர்டு கியர்ல அது மாட்டுற பல்லும் அதே கதி. ப்ரொப்பெல்லர் பின்னாடி ஷாஃப்ட்ல வலை நரம்பு சுத்தி உள்ள போயி ஆயில் சீல (தண்ணி உள்ள போகாம தடுக்கிற ரப்பர் வளையம்) அறுத்து வச்சிருக்கு, தண்ணி அந்த வழியாத்தான் ஏறியிருக்கு. எல்லாம் மாத்த 21,000 ஆச்சு.

ட்ரம் தண்ணில லோடே கிடையாது, மழுங்குன பல்லு கூட அங்க சமத்தா நிக்கும். அதனால படகுல மாட்டி முழு ஆக்சிலேட்டர் குடுத்துப் பாக்காம அட்வான்ஸ் கூட குடுக்காதீங்க. புது ஆயில்னு சொன்னா பழைய ஆயில் எங்கன்னு கேளுங்க, தண்ணியும் இரும்புத் துண்டும் அதுலதான் தெரியும். அவன் விட்டான்னா தண்ணில ஓட்டிட்டு ஒரு ராத்திரி நிக்க வச்சு கீழ ஸ்க்ரூவ தொறந்து பாருங்க, விடலன்னா அதுலயே தெரிஞ்சுரும். ப்ரொப்பெல்லர கழட்டி ஷாஃப்ட்ல நரம்பு இருக்கான்னு பாக்க அஞ்சு நிமிஷம் கூட ஆவாது, நாங்க அதக் கூட செய்யல. இன்னொன்னு, அண்ணாச்சி சொல்லித்தான் எனக்கே தெரியும், கியர பயந்து பயந்து மெதுவா தள்ளுனாத்தான் மூலை மழுங்குமாம், ஐடில்ல வச்சு டக்னு ஒரே தள்ளா போடணுமாம்.

கடைக்காரன்ட்ட போயி கேட்டோம், "சமுந்தர் மே கியா, கேரண்டி கதம்"னுட்டான், அதாவது கடல்ல எறங்குனா கேரண்டி முடிஞ்சுதாம். அந்த 4,500 ரூபா ப்ரொப்பெல்லர் சும்மா கெடக்கு, யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, அது நல்ல ப்ரொப்பெல்லர் தான்.