திருகோணமலை உவர்மலைப் பக்கம் உள்ள விஆர் (மெய்நிகர்) உடற்பயிற்சிக் கடை: முதலில் கூட்டத்தை நிறுத்திவிட்டு ஆடுங்கள்

சீனி வருத்தம் எல்லையில் நிற்கிறது, தினமும் அரை மணித்தியாலமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. நடக்க எனக்கு விருப்பம்தான். ஆனால் நேரம் கிடைப்பது பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு, அந்த நேரத்தில் கடற்கரை முழுக்கச் சனம், அதில் பாதிப் பேர் என்னிடம் படித்த பிள்ளைகளும் அவர்களின் தாய் தகப்பனும். "என்ன ரீச்சர், ஓடுறீங்களோ?" என்று ஒருவர் கேட்டால் போதும், கால் தானாக மெதுவாகிவிடும். அதனால் மகள் வந்து, கண்ணை மூடும் ஹெட்செட் போட்டு, அதற்குள் தெரியும் கணினி உலகத்தில் குத்துச்சண்டை விளையாட ஒரு கடை திறந்திருக்கிறது, வியர்த்து ஒழுகுமாம் என்று சொன்னபோது உடனே வெளிக்கிட்டேன். இதுவரை பத்துச் சனிக்கிழமை போய்விட்டேன். போகலாமா என்று பலர் கேட்பதால் விரிவாக எழுதுகிறேன்.

கடை சின்னது. மெற்றா நிறுவனத்தின் குவெஸ்ட் 2 ஹெட்செட் இரண்டு, ஏசி, தரையில் றப்பர் விரிப்பு, ஆளுக்கு இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் தாராளமாக இடம். இருபது நிமிடத்துக்கு 800 ரூபாய், மதியத்துக்கு முன் போனால் 600. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியில் ஓட முடியாத நமக்கு அந்த ஏசிக்கே காசு கொடுக்கலாம்.

முதல் நாள் எனக்குச் சரியாக அமையவில்லை. கடையில் நிற்கும் தம்பி நல்ல பிள்ளை, ஆனால் புதியவர்களை அசத்த வேண்டும் என்ற ஆசையில் எடுத்த எடுப்பிலேயே ஹெட்செட்டுக்குள் தெரியும் பெரிய அரங்கத்தில் இறக்கிவிட்டார். சுற்றிவர ஆயிரக்கணக்கில் ஆட்கள், வெளிச்சம், காது கிழியும் கூச்சல். எனக்கோ முகத்தை மறைத்துக் கையை எப்படி வைப்பது என்றே தெரியாது. ஒவ்வொரு குத்தும் தவறும்போது கூட்டம் "ஓ" என்று இழுத்தது, நான் இன்னும் வேகமாக, இன்னும் கண்டபடி கையை வீசினேன், மூன்றாவது நிமிடமே மூச்சு முட்டியது. பக்கத்தில் மகள் அதே அரங்கத்தில், அதே கூச்சலில், நான் நினைத்ததைவிட வேகமாக ஆடினாள். அவள் பாடசாலை வலைப்பந்து அணியில் இருக்கிறாள், ஒதுங்குவதும் திரும்புவதும் அவளுக்கு உடம்பில் ஊறியது.

ஒரே கூட்டம் அவளைத் தூக்கியது, என்னைக் கவிழ்த்தது. இதற்குக் காரணம் பழைய உளவியல் பாடத்திலேயே இருக்கிறது. தனியாக ஓட்டுவதைவிட மற்றவர்களோடு போட்டியிடும்போது சைக்கிள்காரர்கள் வேகமாக ஓட்டுவதை நோர்மன் ட்ரிப்லெற் என்ற அமெரிக்க உளவியலாளர் 1898இலேயே எழுதினார். ஆனால் கூட்டம் எல்லோருக்கும் உதவுவதில்லை என்பதும் பிறகு தெரியவந்தது. 1965இல் ரொபேர்ட் ஸயன்ஸ் என்ற உளவியலாளர் அதற்கு ஒரு விளக்கம் தந்தார்: மற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் உடம்பு முறுக்கேறுகிறது, அப்போது நமக்கு எது பழக்கமோ அதுதான் முந்திக்கொண்டு வெளியே வரும். பழகியவனுக்குச் சரியான அசைவு வரும், பழகாதவனுக்குப் பிழையான அசைவு வரும். கரப்பான் பூச்சிகளை வைத்துக்கூட அவர் குழு இதைச் சோதித்தது. மற்றக் கரப்பான்கள் பார்த்திருந்தால் நேர்ப் பாதையில் வேகமாக ஓடின, சிக்கலான பாதையில் தடுமாறின. 1982இல் பில்லியர்ட்ஸ் மேசைகளில் நடந்த ஆய்வு இன்னும் தெளிவு. நாலு பேர் பக்கத்தில் வந்து நின்றதும் நன்றாக விளையாடுபவர்களின் சரியான அடிகள் 71 வீதத்திலிருந்து 80 வீதத்துக்கு ஏறின, சுமாரானவர்களுடையவை 36இலிருந்து 25க்கு இறங்கின. ஏகாம்பரம் மைதானத்தில் உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்த ஊருக்கு இது புதிதல்ல, கரையில் சனம் கத்தும்போது பந்தை இழுத்துக்கொண்டு போகிறவனும் உண்டு, காலடியில் இருக்கும் பந்தை விட்டுவிடுகிறவனும் உண்டு.

"அது வெறும் பொம்மைக் கூட்டம்தானே ரீச்சர்" என்று தம்பி சொன்னார். தலைக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. 2002இல் லண்டனில் ஒரு ஆய்வில் கணினியில் செய்த கூட்டத்தின் முன் ஆட்களைப் பேசவைத்தார்கள், அந்தக் கூட்டம் வெறுப்புக் காட்டியபோது இயல்பில் மேடைக் கூச்சம் இல்லாதவர்களுக்கும் பதற்றம் வந்தது. இருப்பது பொம்மைகள் என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

இரண்டாம் வாரம் நானே கேட்டேன். கூட்டம் இல்லாத, ஒரு பையும் கண்ணாடியும் மட்டும் இருக்கும் பயிற்சி அறை அந்த விளையாட்டிலேயே இருக்கிறது, கூட்டத்தின் சத்தத்தையும் தனியாகக் குறைக்கலாம். மூன்று சனிக்கிழமை அந்த வெற்று அறையிலேயே ஆடினேன். அதற்கடுத்த முறை அரங்கத்துக்குப் போய்ச் சத்தத்தைப் பாதியில் வைத்தேன். அன்று நடந்ததை மறக்க முடியாது. இடது கைக் குத்து ஒன்று சரியாக விழுந்தது, கூட்டம் எழும்பியது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபது நிமிடம் போனதே தெரியவில்லை. நாற்பத்து மூன்று வயதில் யாரும் எனக்காகக் கத்தி நான் கேட்டதில்லை, அது பொம்மையாக இருந்தாலும் பரவாயில்லை என்று அன்று நினைத்தேன்.

ஆனால் அங்கேதான் கவனம் வேண்டும். கூட்டத்தின் முன் களைப்புத் தெரியாது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது நாடித்துடிப்பு 168. 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கில் என் உச்சம் 177, அதுவே ஒரு மதிப்பீடுதான். மருந்து எடுக்காத எனக்கே அது கூடிப்போனது. பிரஷர் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் முதலில் டொக்டரிடம் கேளுங்கள். விளையாடும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சுப் பாருங்கள். ஆட வருபவரிடம் வருத்தம் ஏதும் இருக்கிறதா என்று கடையில் கேட்பதில்லை, கேட்க வேண்டும்.

இன்னொன்று, கூட்டம் பழகிப்போகும். ஆறாவது வாரம் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் அரங்கத்தில் மூன்று இடத்தில் ஒரே மாதிரிக் கையசைப்பதைக் கண்டேன், அதன் பிறகு முகங்கள் என் கண்ணில் படவே இல்லை. ஆனால் குத்து விழுந்த கணத்தில் எழும்பும் சத்தம் மட்டும் இன்றைக்கும் வேலை செய்கிறது. எனக்குப் பட்டது, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட நான் செய்வதை அவர்கள் கவனிக்கிறார்களா என்பதுதான் முக்கியம். தோற்கும்போது வரும் ஊளைச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, மகளுக்கு அதுவே கோபத்தை மூட்டி நன்றாக ஆடவைக்கிறது. ஆளுக்கு ஆள் மாறும், நீங்களே போட்டும் நிறுத்தியும் பாருங்கள்.

இனிக் கடையின் பெரிய குறை. ஹெட்செட்டுக்குள் தெரிவதை வீதிப் பக்கம் உள்ள ரிவியிலும் போடுகிறார்கள், முன்பக்கம் முழுக் கண்ணாடி. ரியூசன் விட்டு வரும் பொடியன்கள் நின்று பார்க்கிறார்கள். ஹெட்செட் போட்டபின் அவர்களை நான் காணமாட்டேன், ஆனால் இருக்கிறார்கள் என்று தெரிந்தபின் உள்ளே இருக்கும் ஆயிரம் பேரை மறந்து வெளியே நிற்கும் ஐந்து பேரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் பார்க்கிறார்கள் என்றுதான் நாங்கள் கடற்கரையை விட்டு வந்தோம். என்னோடு வந்த ஒரு சிநேகிதி இதனாலேயே இரண்டாம் முறை வரவில்லை. விளம்பரத்துக்கு அந்த ரிவி உதவும் என்பது விளங்குகிறது, ஆனால் காசு கொடுத்து வரும் பெண்களை இழக்கிறீர்கள் என்று நேரடியாகவே சொன்னேன்.

சுத்தம் பரவாயில்லை. முகம் படும் இடத்தில் சிலிக்கன் உறை, ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைக்கிறார்கள். ஹெட்செட் அரைக் கிலோ வரும், முன்பக்கம் கனம், பின்பட்டியை இறுக்கச் சொல்லுங்கள். இரண்டு வில்லைகளுக்கும் இடையில் உள்ள தூரத்துக்கு மூன்று நிலை இருக்கிறது, மங்கலாகத் தெரிந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், அவர்களாகச் செய்யமாட்டார்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கூட்டிப் போகவேண்டாம், தயாரித்த நிறுவனமே அந்த எல்லையைத்தான் வைத்திருக்கிறது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி நல்ல நேரம், வீதியில் சனம் குறைவு, விலையும் குறைவு. துவாய் ஒன்று, தண்ணீர்ப் போத்தல் ஒன்று கொண்டுபோங்கள், முதல் மூன்று முறையும் பயிற்சி அறை வேண்டும் என்று தம்பியிடம் உறுதியாகச் சொல்லுங்கள். போன கிழமை போனபோது கண்ணாடியின் கீழ்ப்பாதிக்குத் திரை போட்டிருந்தார்கள். ரிவி இன்னும் வீதியைப் பார்த்தபடிதான். அதையும் திருப்பினால் இங்கே திருத்தி எழுதுகிறேன்.