சைக்கிள் சுற்றுலா என்று சொல்லி 3 இலட்சத்து 40 ஆயிரத்தை விழுங்கிவிட்டார்கள்: பிரான்ஸ் போக இருப்பவர்கள் வாசித்துவிட்டுக் காசு கட்டுங்கள்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: 3 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. மனைவி சீட்டு எடுத்த காசு பாதி, நான் ஓவர்டைம் செய்து சேர்த்தது மீதி. நேற்றிரவு என்னை வாட்ஸ்அப்பில் புளொக் பண்ணிவிட்டார்கள். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காசு கட்டுமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விபரமாகத் தருகிறேன்.

பெயர் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், தெரிந்த சட்டத்தரணி ஒருவர் இப்போதைக்குப் பெயர் வேண்டாம் என்றார். எப்படிப்பட்ட ஆட்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஐரோப்பாவில் சைக்கிள் சுற்றுலா ஒழுங்குசெய்து தருவதாகச் சொல்லும் ஒரு இணையத்தளம், கூடவே ஒரு முகநூல் பக்கம். தங்குமிடம், சைக்கிள் வாடகை, பயணப் பையை ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, காப்புறுதி, விசாவுக்குத் தேவையான கடிதங்கள், எல்லாம் ஒரே பக்கேஜ். அதிலும் தமிழிலேயே கதைப்பார்கள். அங்கேதான் ஆட்களைப் பிடிக்கிறார்கள்.

விடியற்காலையில் நிலாவெளி ரோட்டில் போய்வருகிறவர்களுக்கு எங்கள் கூட்டத்தைத் தெரிந்திருக்கும். உப்பளம் தாண்டி, குச்சவெளி வரை மிதித்து, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவோம். கச்சான் காற்றுக் காலத்தில் பக்கவாட்டில் அடித்து ஆளையே சரிக்கும், இருந்தும் விட மாட்டோம். மேடு ஏறிப் பழக வேண்டும் என்றால் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஏறி இறங்குவதுதான், மான்கள் நின்று வேடிக்கை பார்க்கும். அக்காவும் அத்தானும் பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அத்தானுக்கும் இதே பைத்தியம். இந்த வருடம் அவருக்கு 50 வயது. இரண்டு பேரும் சேர்ந்து பிரான்ஸின் தென்மேற்கில் இருக்கிற போர்தோப் பக்கம் ஓடுவோம் என்று வெகுநாளாகக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

ஏன் போர்தோ என்றால், அங்கே ரொஜே லாபேபி பெயரில் ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. பழைய ரயில் பாதையைத் தார் போட்டு, போர்தோவிலிருந்து சோவ்தேர் என்ற ஊர் வரை 50 கிலோமீட்டருக்கும் கூடுதலாக விட்டிருக்கிறார்கள். கரோன், டோர்டோன் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில், திராட்சைத் தோட்டங்களுக்குள்ளால் போகும். ரயில் ஓடிய பாதை என்பதால் செங்குத்தான ஏற்றம் கிடையாது, எங்களைப் போலக் கடற்கரை ரோட்டில் பழகிய கால்களுக்கு அளவானது. லாபேபி 1937 இல் டூர் து பிரான்ஸ் வென்றவர். இப்போது நம் சைக்கிள்களில் இருக்கிறதே, சங்கிலியைப் பல்லுப் பல்லாக மாற்றும் கியர், அதைப் பூட்டி ஓடலாம் என்று அந்தப் போட்டியில் அனுமதி கொடுத்ததே அந்த வருடம்தான். பாதையோரத்தில் லா சோவ் மஜர் என்ற மடம், 1079 இல் தொடங்கியது, இன்றைக்குக் கூரையில்லாமல் நிற்கிறது. சோவ்தேர் 1281 இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் அமைத்த ஊர், அதன் நான்கு வாசல்களும் இன்னும் இருக்கின்றன. அங்கிருந்து வடக்கே போனால் சென்ட் எமிலியோன், சுண்ணாம்புக் கல்லுக்குள் குடைந்த தேவாலயம். தோட்டங்களோடு சேர்த்து அந்த ஊரை 1999 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் எடுத்தது. வைன் எங்களுக்குப் பொருட்டில்லை. நான் குடிப்பதில்லை, அத்தானை டொக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். எங்களுக்குப் பாதைதான் வேண்டும்.

அத்தான் தன் சைக்கிளோடு ரயிலில் வந்துவிடுவார். எனக்குத்தான் விசா, தங்குமிடம், சைக்கிள் எல்லாம் வேண்டும். தேடும்போது இந்தப் பக்கத்தின் விளம்பரம் வந்தது. செய்தி அனுப்பிச் சோறு தின்று முடிக்குமுன் கோல் வந்துவிட்டது.

இனித்தான் கவனியுங்கள். கதைத்த பொடியன் விலையைப் பற்றி ஒரு சொல் எடுக்கவில்லை. முதல் கேள்வியே, "அண்ணா, உங்கட ஃபிரேம் சைஸ் என்ன, 54 ஆ?" என்பதுதான். காலின் உள்ளளவைக் கேட்டான். பெடல் ஷிமானோ கம்பனியா, லுக் கம்பனியா என்று கேட்டான். "சப்பாத்தை மட்டும் கொண்டுவாங்க, அதுக்கேத்த பெடலை நாங்க மாட்டித் தருவம்" என்றான். கிரெயோன் என்ற ஊரில் பழைய ரயில் நிலையத்தைச் சைக்கிள்காரருக்கான இடமாக மாற்றியிருக்கிறார்கள், அங்கே இளைப்பாறலாம் என்றான். "அதுக்குப் பிறகு லா சோவ் கிட்ட ஒரு சுரங்கம் வரும் அண்ணா, முன் லைட்டை மறக்காதீங்க" என்றான். அத்தானிடம் விசாரித்தேன். அவர் அந்தப் பாதையில் ஒருதரம் பாதித் தூரம் ஓடியவர். சுரங்கம் இருக்கிறது, பொடியன் சொன்னது சரி என்றார்.

சுரங்கத்தில் லைட் கொண்டுவரச் சொல்கிறவன் கள்ளன் என்று யார் நினைப்பார்கள்?

வைக்கிற நேரத்தில், "என்ட அம்மம்மாவும் திருகோணமலைதான் அண்ணா, பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில" என்று வேறு சொன்னான். இப்போது நினைக்க வயிறு எரிகிறது.

முற்பணம் 1 இலட்சத்து 40 ஆயிரம். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. கேட்டேன், கேட்காமல் இல்லை. "கம்பனிக் கணக்கு யூரோவில அண்ணா, ரூபாவில வாறதுக்கு எங்கட கணக்காளரின்ட கணக்கு" என்றான். வங்கியில் கட்டி ஸ்லிப்பைப் படம் எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் முத்திரை, கையொப்பம், பதிவிலக்கம் எல்லாம் வைத்து ரசீது வந்தது. அடுத்த கிழமை மீதி 2 இலட்சம். அதற்கு அவசரம் காட்டினார்கள். செப்டெம்பரில் திராட்சை அறுவடை, அறைகள் எல்லாம் போய்க்கொண்டிருக்கின்றன, வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் பொறுப்பில்லை என்றார்கள். செப்டெம்பரில் அங்கே அறுவடை என்பதும் உண்மைதான். இவர்கள் சொன்னதில் முக்கால்வாசி உண்மை, அதனால்தான் மீதிக் கால்வாசி கண்ணில் படவில்லை. மொத்தம் 3 இலட்சத்து 40 ஆயிரம்.

பிறகு ஒரு பிடிஎஃப் வந்தது. எந்த இரவு எங்கே, எத்தனை கிலோமீட்டர், எங்கே தண்ணீர் பிடிக்கலாம் என்று பக்கம் பக்கமாக, படங்களோடு. ஹோட்டல் பதிவுக் கடிதமும் காப்புறுதிப் பத்திரமும் அதோடு இருந்தன. அச்சடித்து விசாக் கோப்பில் வைத்தேன்.

அத்தான் தனக்கும் ஒரு கட்டில் போடச் சொல்லலாம் என்று முதல் இரவு ஹோட்டலுக்கு எடுத்திருக்கிறார். அப்படி ஒரு பெயரில் பதிவே இல்லை என்றார்களாம். இரண்டாவது இடத்திலும் அதே கதை. பிடிஎஃபை அவருக்கு அனுப்பினேன். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "டேய், மூன்றாம் இரவு தங்குமிடம் என்று போட்டிருக்கிற படத்தைப் பார்" என்றார். மஞ்சள், சிவப்பு, பச்சை ஓடுகளைக் கோலம் மாதிரி அடுக்கிய பெரிய கூரை. பார்க்க அழகுதான். அது தங்குமிடமே இல்லை. போன் என்ற நகரத்தில் 1443 இல் ஏழைகளுக்காகக் கட்டிய பழைய ஆஸ்பத்திரி, இப்போது நூதனசாலை. இருப்பது பூர்கோன் பிரதேசத்தில், நாட்டின் மறுபக்கம். அதுவும் வைன் ஊர்தான், இணையத்தில் தேடும்போது முன்னுக்கு வந்த படத்தை எடுத்து ஒட்டிவிட்டார்கள். எனக்குக் கட்டில் போட்டிருந்தது 15ஆம் நூற்றாண்டு ஆஸ்பத்திரியில்!

சிரிக்கிறீர்களா? காப்புறுதிப் பத்திரத்தைக் கேளுங்கள். ஷெங்கன் விசாவுக்கு, அதாவது பிரான்ஸோடு சேர்த்து ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசாவுக்கு, குறைந்தது 30 ஆயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். பத்திரத்தில் அந்தத் தொகை சரியாக இருந்தது, ஆனால் அந்த இலக்கத்தில் காப்புறுதியே கிடையாது. இந்தப் போலிகளை நான் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மறுத்திருப்பார்கள். மறுத்தது ஷெங்கன் நாடுகள் எல்லாம் பார்க்கிற கணினியில் 5 வருடம் வரை கிடக்கும். காசு போவது ஒன்று, அக்காவின் பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் போக முடியாமல் பண்ணியிருப்பார்கள். நேர்முகத் திகதிக்கு முன் பிடிபட்டது, அத்தானின் அந்த ஒரு கட்டிலால்.

இனி இழுத்தடிப்பு. முதலில், "அண்ணா, பிரான்ஸில ஓகஸ்ட் மாதம் எல்லாரும் லீவு, ஹோட்டல்காரர் பதிவைப் பார்த்திருக்க மாட்டினம்." பிறகு, "கணக்குப் பிரிவு பார்க்குது." பிறகு அந்தப் பொடியனைக் காணோம், ஒரு பெண்பிள்ளை கதைத்தா. "சேர், உங்கட முறைப்பாட்டுக்கு இலக்கம் போட்டிருக்கு, 14 வேலைநாள் பொறுங்க." அண்ணா என்றது சேர் ஆனபோதே விளங்கியிருக்கும். பொறுத்துவிட்டு எடுத்தால் புதுக் கதை: காசு திரும்பி வர ரத்துக் கட்டணமாக 45 ஆயிரம் கட்ட வேண்டுமாம்! என் காசை என்னிடம் தர நான் காசு கட்ட வேண்டும். அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தாருங்கள் என்றேன். "எங்கட சிஸ்டத்தில அப்படிச் செய்ய ஏலாது சேர்." நான் முறைப்பாட்டுப் பிரதியைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒற்றைச் சரி அடையாளம் மட்டும் விழுந்தது, இரண்டாவது விழவேயில்லை.

காசு போன கணக்கிருக்கும் வங்கிக்கும் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை நல்ல மாதிரித்தான் கதைத்தது. ஆனால் நீங்களே விரும்பிக் கட்டிய காசு, கணக்குக்காரர் சம்மதிக்காமல் எடுக்க முடியாது, பொலிஸ் கடிதத்தோடு வாருங்கள் என்றது. பொலிஸுக்குப் போனால் இது கொழும்பில் பார்க்கிற விசயம் என்கிறார்கள். கொழும்புக்கு அனுப்பியாகிவிட்டது. அந்தப் பக்கம் இன்னும் விளம்பரம் ஓட்டிக்கொண்டிருக்கிறது. இன்று காலையில்கூட எனக்கே வந்தது, இத்தாலி தொஸ்கானாவாம், 20 வீதம் கழிவாம். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் கீழே விலை கேட்டிருக்கிறார்கள். நான் பதில் போட்டேன், உடனே அழித்துவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

1782 இல் பிரெஞ்சுக்காரர் வந்து நம் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களே சண்டை முடிந்ததும் அதை ஒல்லாந்தரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கோட்டையே திரும்பி வந்தது, என் 3 இலட்சத்து 40 ஆயிரத்துக்குச் சிஸ்டம் இடம் கொடுக்கவில்லையாம்.

சரி, விபரமாகச் சொல்கிறேன் என்றேன். கோபத்தில் எல்லாம் ஒழுங்காக வரவில்லை, முக்கியமானதை மட்டும் எழுதுகிறேன்.

தனி ஆளின் கணக்குக்கு ஒரு சதமும் போடாதீர்கள், என்ன காரணம் சொன்னாலும். முற்பணத்துக்கு முன்பே ஹோட்டலின் பெயரைக் கேட்டு வாங்கி, அந்த ஹோட்டலுக்கே நேரடியாக எடுத்துக் கேளுங்கள். பிரெஞ்சு தெரிந்த சொந்தக்காரர் இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. இலங்கையில் இயங்கும் முகவர் என்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். படத்தை கூகுளில் போட்டுத் தேடினால் எந்த ஊர்ப் படம் என்று காட்டும். காப்புறுதியை நீங்களே எடுங்கள். பணத்தைத் திருப்பித் தர மேலும் காசு கேட்டால் கட்ட வேண்டாம்.

ஸ்லிப், ரசீது, குரல் பதிவு எல்லாம் வைத்திருக்கிறேன். இதே ஆட்களிடம் காசு கொடுத்தவர்கள் யாரும் இருந்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள். கணக்கு இலக்கத்தின் கடைசி நான்கு எண்களை ஒத்துப்பார்ப்போம், ஒன்றாக இருந்தால் சேர்ந்தே கொழும்புக்குப் போகலாம். ஏற்கெனவே மட்டக்களப்பிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், அவருக்கு 2 இலட்சத்து 60 ஆயிரம்.