25 லிட்டர் வாட்டர் சாஃப்டனர்: கோலாலம்பூரில் யார் வாங்கலாம்?

தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற உப்புகளால் வருவது கடினத்தன்மை, அதை நீக்கும் கருவி சாஃப்டனர். கோலாலம்பூரில் சாஃப்டனர் விற்க வருகிறவர்கள் பலர் கடினத்தன்மையை அளப்பதே இல்லை. டிடிஎஸ் மீட்டரைக் கிளாஸில் விட்டு எண்ணைக் காட்டுவார்கள். இல்லாவிட்டால் இரும்புக் கம்பிகளில் மின்சாரம் விட்டுத் தண்ணீரைப் பழுப்பாக்குவார்கள். டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் கூட்டு. அந்தப் பழுப்போ கம்பி கரைந்து வரும் துரு. இரண்டையும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நகரத்துக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீர், இயல்பாகவே மென்மையானது. டேங்கின் அடியில் பழுப்பு மண்டி தேங்கினால் அது பழைய பைப்பின் துருவும் வண்டலும்தான். மீட்டரை ஒட்டி ஒரு மணல் ஃபில்டர் போதும். சாஃப்டனர் வீண் செலவு. குழாய்க் கிணறு வைத்திருப்பவர்கள் நிலை வேறு. பத்துமலையில் நிமிர்ந்து நிற்கும் அதே சுண்ணாம்புப் பாறை நகரின் பல பகுதிகளுக்கு அடியிலும் கிடக்கிறது. அங்கே ஊறும் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, ஷவர் துளைகள் அடைபடும், கெத்தலில் வெள்ளை ஏடு படியும். இந்தப் பொருள் அவர்களுக்குத்தான்.

வாங்குமுன் அலங்கார மீன் கடையில் ஜிஹெச் (மொத்தக் கடினத்தன்மை) சொட்டுச் சோதனை மருந்து வாங்குங்கள். 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கி, நிறம் மாறும்வரை எண்ண வேண்டும். ஒரு சொட்டு என்றால் லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் கடினத்தன்மை. 3 சொட்டுக்குள் மாறினால் மென்மை. 7 சொட்டைத் தொட்டால் கடினநீர்.

14 சொட்டு வருகிறது, அதாவது ஏறக்குறைய 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். சாஃப்டனருக்குள் சுண்ணாம்பைப் பிடிப்பவை ரெசின் என்ற சிறு மணிகள்; 25 லிட்டர் என்பது அவற்றின் அளவு. பிடித்து நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். லிட்டர் ரெசினுக்கு 100 முதல் 120 கிராம் உப்புப் போட்டுக் கழுவினால், அந்த ரெசின் சுமார் 50 கிராம் சுண்ணாம்பைப் பிடிக்கும். 25 லிட்டருக்கு 1,250 கிராம். 5,000 லிட்டர் தண்ணீர் தாங்கும். எப்போது கழுவுவது என்று தீர்மானிக்கும் வால்வில், கொஞ்சம் முன்னதாகவே கழுவும்படி 4,500 லிட்டர் என்று வையுங்கள். 25 கிலோ உப்பு மூட்டை எட்டு முதல் பத்துக் கழுவலுக்கு வரும். நாள் கணக்கில் கழுவும் டைமர் வால்வு வேண்டாம். தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விட்டாலும் அது உப்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். தண்ணீரை அளந்து கழுவும் மீட்டர் வால்வையே கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும் இடத்தில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. கூரை டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில் மாட்டிவிடுகிறார்கள். டேங்க் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.4 பார்தான், உப்புக் கரைசலை உறிஞ்ச அது பற்றாது. ரெசின் கழுவப்படாமலே கிடக்கும். பம்புக்குப் பின், டேங்குக்கு முன் பொருத்தச் சொல்லுங்கள். கழிவுநீர்க் குழாயின் நுனி சாக்கடைக்குள் மூழ்காமல் இடைவெளி விட்டிருக்க வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர் இறைக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் நின்றதும் பழுப்பானால் அதில் இரும்பு இருக்கிறது. இரும்பு நீக்கும் ஃபில்டரை முன்னால் வைக்காவிட்டால் ரெசின் மீது துரு ஏறி, சீக்கிரமே சக்தி போய்விடும். நம்மூர் ஈரக்காற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புத் தொட்டி மேலே பார்த்தால் நிறைந்திருக்கும், வாரக்கணக்கில் மட்டம் இறங்காது, குழாயில் மட்டும் கடினநீர் வரும். உப்பு மேலே பாலமாக இறுகி, அடியில் வெற்றிடம் ஆகியிருக்கும். துடைப்பக் கட்டையால் மெதுவாகக் குத்தி உடையுங்கள். அதன் பிறகும் தொட்டியில் தண்ணீர் குறையாவிட்டால் உப்புக் கரைசலை உறிஞ்சும் இன்ஜெக்டரின் துளை அடைத்திருக்கும். கழற்றி வெதுவெதுப்பான நீரில் மெல்லிய பிரஷால் கழுவினால் சரியாகும். பொடி உப்பு கூடாது, மாத்திரை உப்பு மட்டும். பாதித் தொட்டிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

காந்தப் பட்டையைப் பைப்பில் கட்டும் கருவிகள் சுண்ணாம்பில் ஒரு துளியையும் தண்ணீரிலிருந்து எடுப்பதில்லை. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

பொருத்திய அன்றே, பிளம்பர் கிளம்புமுன், வெளிவரும் தண்ணீரை அதே சொட்டு மருந்தால் சோதியுங்கள். முதல் சொட்டிலேயே நிறம் மாற வேண்டும். சமையலறைக் குழாய்க்கு மட்டும் சாஃப்டனரைத் தொடாத தனி லைன் போடச் சொல்லுங்கள். 100 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுக்கும்போது 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேர்கிறது. மேலே சொன்ன கிணற்றுக்கு லிட்டருக்கு 115. ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் இந்த லைனை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.