ஊட்டியில் காரை வேலைக்கு விடுறவங்க படிங்க: எனக்கு ரூ. 18,600 போச்சு

கடை பேரைப் போடல. ஊட்டியில இருக்கற ஒரு மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப்னு வச்சுக்கங்க.

கோத்தகிரியிலேருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பிரேக்கை மிதிச்சா ஸ்டியரிங் கிடுகிடுன்னு ஆடுது. காலை எடுத்தா ஆட்டம் நின்னுடும். அங்க போய் முதல் வார்த்தையா சொன்னதே இதைத்தான். "ஓட்டிப் பாத்துடலாமாண்ணா?"ன்னு கேட்டேன். "எதுக்கு சார், பாத்தாலே தெரியுது"ன்னு அங்க இருந்த மெக்கானிக் ஜாக்கி போட்டுத் தூக்கி, வீலைப் பிடிச்சு ஆட்டுனார். லோயர் ஆர்ம் (வீலை வண்டியோட இணைக்கற கீழ்க்கை) புஷ், அதாவது அதுல இருக்கற ரப்பர், போச்சாம், ஷாக் அப்சர்பர் லீக்காம். விரல்ல ஆயிலைத் தொட்டுக் காட்டுனார். "உள்ளூர்க்காரங்களை ஏமாத்திட்டு நாங்க எங்க சார் போவோம்?"னார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சாவியைக் குடுத்தேன்.

ரெண்டு லோயர் ஆர்ம், முன்பக்க ஷாக் ரெண்டு, அலைன்மென்ட் (வீல் கோணத்தைச் சரி பண்றது), பேலன்சிங் (வீல் எடையைச் சமன் பண்றது), கூலி. மொத்தம் ரூ. 18,600. வெள்ளைத் தாள்ல கையால எழுதுன பில், ஜிஎஸ்டி நம்பர் கிடையாது.

இறக்கத்துல அதே ஆட்டம்.

ஃபோன் பண்ணா, "புது பார்ட்ஸ் சார், கொஞ்சம் ஓடுனா செட் ஆயிடும்." அடுத்து, "மழையில ரோடே அப்படித்தான் இருக்கு." நேர்ல போனா, "ஓனர் கோயமுத்தூர் போயிருக்கார்." பழைய பார்ட்ஸைக் கேட்டேன். ஸ்கிராப்காரன் எடுத்துட்டுப் போயிட்டானாம்! இப்ப ஃபோனையே எடுக்கறதில்ல.

மேட்டுப்பாளையத்துல ஒரு மெக்கானிக் வீலைக் கழட்டி, டயல் கேஜை (கோணல் இருந்தா முள்ளுல காட்டுற மீட்டர்) வச்சு பிரேக் டிஸ்க்கைச் சுத்துனார். முள்ளு குதிக்குது. டிஸ்க்ல அங்கங்க நீலம் பாய்ஞ்ச திட்டு. "மலை வண்டிங்களுக்கு இது சகஜம்ங்க, இறக்கத்துல சூடேறிச் சூடேறி டிஸ்க் சமமில்லாமப் போயிடும்"னார். அப்புறம் டார்ச்சைக் கீழ அடிச்சார். லோயர் ஆர்ம் போல்ட்டுல பழைய சேறு காய்ஞ்சு அப்படியே ஒட்டியிருக்கு, துருவும் கலையல. ஸ்பேனர் பட்ட தடமே இல்ல. "இதை மாத்துனாங்கன்னு யாருங்க சொன்னா?"

வயிறு எரியுது. மாத்தாத பார்ட்ஸுக்கும் சேர்த்து ரூ. 18,600! முன் டிஸ்க்கும் பிரேக் பேடும் மாத்துனதும் ஆட்டம் போயே போச்சு.

விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், பொறுமை இல்ல. பிரேக் மிதிச்சா மட்டும் ஆடுனா முதல்ல டிஸ்க்கைப் பாக்கச் சொல்லுங்க. 80க்கு மேல போனாத்தான் ஆடுதுன்னா பேலன்சிங், இல்ல ரிம் நெளிஞ்சிருக்கும், டயர் வீங்கியிருக்கும். இது மலை ரோட்டுல தெரியவே தெரியாது, கீழ கோவை ரோட்டுல ஓட்டித்தான் பாக்கணும். ஸ்டியரிங் ஆடாம சீட் மட்டும் அதிர்ந்தா பெரும்பாலும் பின் வீல். ஆக்சிலேட்டர் குடுக்கும்போது ஆடுனா ஆக்ஸில் ஜாயின்ட்டை (வீலைச் சுத்த வைக்கற தண்டோட மூட்டு) சந்தேகப்படுங்க. அலைன்மென்ட் போனா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் தேயும். அதைக் காட்டி ஆட்டத்துக்குக் காசு கேட்டா குடுக்காதீங்க.

ஓட்டிப் பாக்காத கடையில வண்டியை விடாதீங்க. பழைய பார்ட்ஸைக் கையில வாங்குங்க. ஜிஎஸ்டி பில் கேளுங்க. நுகர்வோர் உதவி எண் 1915, நாளைக்குக் காலைல முதல் வேலையா அதுக்குத்தான் அடிக்கப் போறேன்.