போடாக்ஸ் ஊசி: சுருக்கத்துக்குப் பரவாயில்லை, மருந்தாக இன்னும் மேல்

புருவங்களுக்கு நடுவில் விழும் கோடுகளுக்காகத்தான் போட்டுக்கொண்டேன். எறும்புக்கடி அளவுதான் வலி, சில நிமிடத்தில் முடிந்தது, ஆனால் வெளியே வந்ததும் கண்ணாடியைத் தேடாதீர்கள், நரம்பு முனையில் தசையைச் சுருங்கச் சொல்லும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவருவதைத் தடுத்துத் தசையைத் தளர்த்த இந்த மருந்துக்குச் சில நாள் வேண்டும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். முகம் சுளித்தால் மட்டும் வரும் கோடு நன்றாகவே மறைந்தது. சும்மா இருக்கும்போதும் தெரிகிற ஆழமான கோடு மங்கியதே தவிர போகவில்லை. மூன்று நான்கு மாதத்தில் பழையபடி ஆகிவிடும், செலவும் திரும்ப வரும்.

வெறும் அழகு ஊசி என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் கவனிக்க: அமெரிக்காவில் 1989-இல் இதற்கு முதலில் அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்துக்கும்தான், சுருக்கத்துக்கு 2002-இல்தான். அப்புறம் அக்குள் வியர்வை, பக்கவாதத்துக்குப் பின் இறுகிப்போன கை, மாதத்தில் பாதி நாள் தலைவலியோடு கிடப்பவர்களின் ஒற்றைத் தலைவலி என்று வரிசையாக வந்தன. தலைவலிக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை தலை, கழுத்து, தோள் என்று 31 இடத்தில் குத்துவார்கள் (கேட்டாலே தலை வலிக்கிறது, சரி).

போடுபவரின் கைதான் எல்லாம். இடம் தவறினால் இமை தொங்கிவிடும், அது சரியாவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமமல்ல, அதனால் எந்த மருந்து என்று கேட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் தசைச்சோர்வு நோய் உள்ளவர்களுக்கும் வேண்டாம். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.