எம்ஜிபி-க்கு ரெட்டை எஸ்யூவா, வெபரா, இன்ஜெக்‌ஷனா? வீட்லயே வேலை பாக்குறவங்களுக்கு ஒரு ஒப்பீடு

எம்ஜிபி-ங்குற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார வாங்கி வீட்டு ஷெட்லயே ரெஸ்டோர் பண்ண இறங்குறவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல வந்து நிக்கிற கேள்வி இது. பழைய ரெட்டை எஸ்யூ கார்புரேட்டரையே (காத்தோட பெட்ரோல கலந்து இன்ஜினுக்கு அனுப்புறது) சரி பண்ணி வச்சுக்கலாமா, இல்ல அத கழட்டிட்டு ஒரு வெபர் கார்புரேட்டர் மாட்டலாமா, இல்ல ஒரேயடியா எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் போயிடலாமா? மூணுமே நல்லா ஓடும், அதுல சந்தேகம் வேணாம். ஆனா பொதுவா நடக்குற ஒப்பீடு நியாயமே இல்லாதது, அம்பது வருஷம் தேஞ்சு போன எஸ்யூவ கொண்டு வந்து பெட்டிய பிரிச்சு எடுத்த புது வெபரோட மோத விடுறாங்க, அப்புறம் "பாத்தீங்களா என்னா பிக்கப்"ங்குறாங்க. அங்க ஜெயிச்சது புதுசு, வெபர் இல்ல. நல்லா ஓவர்ஹால் பண்ண எஸ்யூவோட மத்த ரெண்டையும் வச்சு பாத்தா கதை நிறைய மாறுது, அத தான் இங்க சொல்ல வரேன்.

முதல்ல இன்ஜின பாக்கணும், ஏன்னா முடிவுல பாதிய அதுவே எடுத்துடுது. 1962-ல இருந்து 1980 வரைக்கும் இங்கிலாந்தோட அபிங்டன்ல தயாரான இந்த காருல இருக்கிறது 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின், ஆரம்ப மாடல்கள்ல சுமார் 95 குதிரைத்திறன். வார்ப்பிரும்பு ஹெட்டு, அதுல நாலு சிலிண்டருக்கு ரெண்டே ரெண்டு இன்லெட் போர்ட் தான். ஒன்னும் ரெண்டும் ஒரே வாசல்ல மூச்சு வாங்கும், மூணும் நாலும் இன்னொரு வாசல்ல. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டருங்க எரியிற வரிசை) 1-3-4-2, அதனால ரெண்டாவது சிலிண்டர் இழுத்து முடிக்கிறதுக்குள்ள ஒன்னாவது இழுக்க ஆரம்பிச்சிடும், அப்புறம் அந்த போர்ட் ரொம்ப நேரம் சும்மா கிடக்கும். ரெண்டு வேகமான இழுப்பு, ஒரு நீண்ட ஓய்வு, இதே தான் திரும்ப திரும்ப. இத மனசுல வச்சுக்கோங்க, இன்ஜெக்‌ஷன் பத்தி பேசும்போது இது தான் பெரிய தலைவலி. அதோட இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், கார்புரேட்டர் சூடான மேனிஃபோல்டுக்கு மேலயே உக்காந்திருக்கும்.

இப்போ எஸ்யூ. இதுல வர்றது எச்எஸ்4 மாடல், ஒன்றரை இன்ச் வாய், ரெண்டு. இதோட வேலை முறை எனக்கு ரொம்ப பிடிக்கும், வெளிப்படையாவே சொல்லிடறேன். இன்ஜின் எவ்வளவு காத்து கேக்குதோ அதுக்கு ஏத்த மாதிரி உள்ள இருக்கிற பிஸ்டன் தானா மேல ஏறும், அதுல தொங்குற கூம்பு நீடில் ஜெட்ட விட்டு அந்த அளவுக்கு வெளிய வரும், பெட்ரோல் அதுக்கு தகுந்த மாதிரி போகும். ஐடில்ல இருந்து ஃபுல் த்ராட்டில் வரைக்கும் ஒரே ஜெட், ஒரே நீடில். வெபர்ல இந்த வேலைய செய்ய தனித்தனி சர்க்யூட் இருக்கு.

எஸ்யூ கெட்டுப்போச்சுன்னு சொல்ற வண்டிங்கள்ல பெரும்பாலும் காரணம் த்ராட்டில் ஸ்பிண்டில் (காத்து வழிய திறந்து மூடுற தகட்டோட அச்சு) தேய்மானம். ஸ்பிண்டிலும் அது உக்காருற ஓட்டையும் தேஞ்சு, அந்த இடுக்குல திருட்டு காத்து உள்ள போகும், ஐடில் நிக்காது, மிக்ஸ்ச்சர் எவ்வளவு திருகினாலும் செட் ஆகாது. கண்டுபிடிக்கிறது சுலபம். இன்ஜின் ஐடில்ல இருக்கும்போது ஸ்பிண்டில் முனைல கொஞ்சமா கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிங்க, ஆர்பிஎம் மாறுச்சுன்னா அங்க லீக் இருக்கு (கீழ எக்ஸாஸ்ட் கொதிச்சிட்டு இருக்கும், அதனால இன்ஜின் சூடேறுறதுக்கு முன்னாடியே பண்ணுங்க, பக்கத்துல தீயணைப்பான் வச்சுக்கோங்க). புது ஸ்பிண்டில் மட்டும் போட்டா சில நேரம் போதும், பாடி ஓட்டையே ஓவலா ஆயிருந்தா ரீமர் போட்டு பெருசாக்கி புஷ் (சின்ன உலோக வளையம்) அடிக்கணும், அது நேரா வரணும்னா லேத் வேலை தெரிஞ்சவங்ககிட்ட குடுக்குறது நல்லது. மீதி எல்லாம் வீட்டு மேஜைல முடியற வேலை தான். ஒரே ஒரு எச்சரிக்கை, ரெண்டு கார்புரேட்டரையும் ஒரே தட்டுல பிரிச்சு போட்டு கலந்துடாதீங்க. எந்த பிஸ்டன் எந்த மூடிக்குள்ள இருந்துச்சோ அதே மூடிக்குள்ள தான் போகணும், அது ஜோடியா செஞ்சது.

ஃபிக்ஸட் நீடில் இருக்கிற பழைய எச்எஸ்4-ல ஜெட்ட சென்டர் பண்ணணும். பிஸ்டன தூக்கி விட்டா "டிக்"னு ஒரு மெல்லிய உலோகச் சத்தத்தோட கீழ வந்து உக்காரணும், அந்த சத்தம் வரலைன்னா நீடில் ஜெட்டோட ஓரத்துல உரசுது. ஜெட் லாக் நட்ட லூஸ் பண்ணி, நீடில் நேரா இறங்க விட்டு, திரும்ப டைட் பண்ணி, திரும்ப தூக்கி விடணும். பொறுமை வேணும், ஆனா அந்த டிக் சத்தம் ரெண்டுலயும் ஒரே மாதிரி வரும்போது இருக்கிற நிம்மதி தனி. அப்புறம் அட்ஜஸ்டிங் நட்ட முழுசா மேல ஏத்திட்டு ரெண்டு சுத்து, அதாவது பன்னெண்டு ஃபிளாட் (நட்டோட ஆறு பக்கத்துல ஒன்னு ஒரு ஃபிளாட்), கீழ இறக்கி அங்க இருந்து ஆரம்பிங்க. இன்ஜின் சூடான பிறகு, ஒரு ரப்பர் குழாய காதுல வச்சு ரெண்டு வாயிலயும் காத்துச் சத்தம் சமமா இருக்கான்னு பாத்து பேலன்ஸ் பண்ணுங்க. அடுத்து லிஃப்டிங் பின்ன வச்சு பிஸ்டன லேசா, முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு தூக்குங்க: ஆர்பிஎம் ஏறி அங்கயே நின்னா ரிச் (பெட்ரோல் அதிகம்), உடனே விழுந்தா லீன் (பெட்ரோல் கம்மி), கொஞ்சம் ஏறிட்டு பழைய இடத்துக்கு வந்தா சரி. கம்ப்யூட்டர் வேணாம், சென்சார் வேணாம். டேஷ்பாட்ல (பிஸ்டன் மேல இருக்கிற மூடிக்குள்ள) எஸ்ஏஇ 20 ஆயில் ஊத்த மறந்துட்டு "ஆக்சிலரேட்டர் அமுக்கினா தடுமாறுது, வெபர் போடப் போறேன்"னு சொல்றவங்க நிறைய பேர், முதல்ல மூடிய திறந்து ஆயில் இருக்கான்னு பாருங்க.

பிந்தைய எஸ்யூ மாடலான எச்ஐஎஃப்4 வச்சிருக்கிறவங்களுக்கு சென்டரிங் வேலை கிடையாது, நீடில் ஸ்ப்ரிங்ல சாஞ்சு நிக்கும். ஆனா அதுல த்ராட்டில் தகட்டுலயே ஒரு குட்டி வால்வ் இருக்கும், அதோட ஸ்ப்ரிங் தளந்து போச்சுன்னா ஐடில் மேலயே நிக்கும். வால்வ் இல்லாத தகடு போட்டா தீந்துது. வட அமெரிக்காவுக்கு 1975 மாடல்ல இருந்து போன வண்டிங்கள்ல ஒத்தை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர் தான் இருந்துச்சு, அத வச்சிருக்கிறவங்களுக்கு ரெட்டை எச்ஐஎஃப்4-க்கு மாறுறதே நல்ல அப்கிரேடு, உள்ளூர் எமிஷன் விதி அனுமதிச்சா.

வெபருக்கு வருவோம். பி-சீரிஸுக்கு பெரும்பாலும் போடுறது ஒத்தை 45 டிசிஓஇ மாடல், அதுல ரெண்டு பேரல் (காத்து குழல்), ஒரு பேரல் ஒரு போர்ட்டுக்கு. சத்தம் அருமையா இருக்கும், பானட் திறந்தா பாக்க அழகா இருக்கும், இதெல்லாம் சின்ன விஷயம்னு நான் சொல்ல மாட்டேன், ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிறதே அதுக்காகவும் தான். ஆனா ஸ்டாண்டர்ட் கேம் (வால்வ திறக்குற தண்டு), ஸ்டாண்டர்ட் ஹெட்டு இருக்கிற இன்ஜின்ல வெபர் போட்டு பெரிய பவர் எதிர்பாக்காதீங்க, மூச்ச அடைக்கிறது அந்த ரெண்டு போர்ட்டும் வால்வும் தான், கார்புரேட்டர் இல்ல. ஹெட்ட போர்ட்டிங் பண்ணி, கொஞ்சம் காரமான கேம் போட்டு, எக்ஸ்ட்ராக்டர் மேனிஃபோல்டும் மாட்டின பிறகு தான் வெபர் தன் வேலைய காட்டும். அலுமினிய கிராஸ்ஃப்ளோ ஹெட்டு (இன்லெட் ஒரு பக்கம், எக்ஸாஸ்ட் மறுபக்கம்) போட்டா ரெண்டு டிசிஓஇ, சிலிண்டருக்கு ஒரு பேரல், அது வேற லெவல் இன்ஜின்.

வெபர்ல கஷ்டம் செட்டிங். சோக் சைஸ் (பேரலுக்குள்ள காத்து போற குறுகல், ஸ்டார்ட் பண்ண இழுக்குற சோக் இல்ல), மெயின் ஜெட், ஏர் கரெக்டர், எமல்ஷன் ட்யூப், ஐடில் ஜெட், பம்ப் ஜெட், ஒவ்வொன்னும் தனி நம்பர். தோராய கணக்கு ஒன்னு இருக்கு, சோக் மில்லிமீட்டர நாலால பெருக்குனா மெயின் ஜெட்டுக்கு ஆரம்பப் புள்ளி கிடைக்கும், 34 சோக்குக்கு 135 பக்கம், அதாவது 1.35 மில்லிமீட்டர் ஓட்டை. ஆனா நாம ரோட்ல ஓட்டுற நேரத்துல பெரும்பகுதி மெயின் ஜெட்டுக்கே போறதில்ல, ஐடில் ஜெட்டும் ப்ரோக்ரெஷன் ஓட்டைங்களும் தான் வேலை செய்யும், டிராஃபிக்ல ஜெர்க் அடிக்கிறதுக்கும் பெட்ரோல் குடிக்கிறதுக்கும் காரணம் அங்க தான் இருக்கும். மிக்ஸ்ச்சர் ரிச்சா லீனான்னு அளந்து காட்டுற ஒரு வைட்பேண்ட் லாம்ப்டா சென்சார எக்ஸாஸ்ட்ல வெல்டு பண்ணி மாட்டாம, ப்ளக் கலர மட்டும் பாத்து வெபர சரியா செட் பண்றது ரொம்ப சிரமம். கையில ஒரு ஜெட் செட்டும் அந்த சென்சாரும் இருந்தா ஆர்வமான வேலை, இல்லைன்னா ரோலிங் ரோடு (வண்டிய உருளை மேல ஓட்டி அளக்குற மெஷின்) வச்சிருக்கிறவங்ககிட்ட போகணும்.

இன்ஜெக்‌ஷன். இதுக்கு உண்மையான பலம் நாலு இருக்கு: குளிர்ல சோக் நாப் இழுக்காம ஸ்டார்ட் ஆகும், மலை ஏறினா தானா சரி பண்ணிக்கும், ஓட்டி நிறுத்தின சூட்டுல பெட்ரோல் கொதிச்சு ஸ்டார்ட் ஆகாம நிக்கிற தொல்லை ரொம்ப குறையும் (எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகறதால கார்புரேட்டர்காரங்களுக்கு இது பெரிய புலம்பல், ஹீட் ஷீல்டும் தடிமனான ஸ்பேசரும் ஓரளவுக்கு காப்பாத்தும்), அப்புறம் கிராங்க் புல்லில 36-1 பல் சக்கரம் (36 பல்லுல ஒன்னு இல்லாதது) வச்சா இக்னிஷன் டைமிங்கையும் ஈசியூவே (இன்ஜின் கம்ப்யூட்டர்) பாத்துக்கும். என்னைய கேட்டா அந்த நாலாவது தான் மத்த மூணையும் விட பெருசு, தேஞ்ச டிஸ்ட்ரிப்யூட்டர் குடுக்குற கோணல் டைமிங்ல இருந்து இன்ஜினுக்கு விடுதலை.

ஆனா அதுக்கு வண்டில எத்தனை மாத்தணும்னு எழுதி பாருங்க. பழைய பம்ப் குடுக்குறது 3 பிஎஸ்ஐ பக்கம், இன்ஜெக்‌ஷனுக்கு பொதுவா 43 பிஎஸ்ஐ வேணும், அதனால புது பம்ப், புது ஃபில்டர், டேங்குக்கு ரிட்டர்ன் லைன், வளைவுல பெட்ரோல் ஒதுங்கினாலும் பம்ப் காத்து இழுக்காம இருக்க ஒரு ஸ்விர்ல் பாட், அழுத்தம் தாங்குற ஹோஸ், மோதல் நடந்தா பம்ப நிறுத்துற ஸ்விட்ச். 1967 வரைக்கும் வந்த வண்டின்னா பாசிட்டிவ் எர்த் (பேட்டரியோட பிளஸ் பாடியோட இணைஞ்சது), டைனமோ 22 ஆம்ப் தான், முதல்ல நெகட்டிவ் எர்த்துக்கு மாத்தி ஆல்டர்னேட்டர் போட்டாகணும். அப்புறம் நான் மேல சொன்ன போர்ட் விவகாரம். ஒவ்வொரு போர்ட்லயும் ஒரு இன்ஜெக்டர் வச்சு சாதாரணமா அடிச்சா, முதல்ல இழுக்குற சிலிண்டருக்கு ஒரு அளவும் அடுத்ததுக்கு வேற அளவும் போகும், ஒன்னு ரிச், ஒன்னு லீன். மெகாஸ்குவிர்ட் மாதிரி ஈசியூக்கள்ல இந்த ஜோடி போர்ட்டுக்காகவே டைமிங் கணக்கு போட்டு அடிக்கிற வழிய ஆர்வலர்கள் உண்டாக்கி வச்சிருக்காங்க, அது வேலை செய்யும், ஆனா மேப் (எந்த வேகத்துல, எந்த லோடுல எவ்வளவு பெட்ரோல்ங்குற அட்டவணை) போட உக்காந்தா பல சாயங்காலம் போயிடும். த்ராட்டில் பாடிலயே தள்ளி தெளிக்கிற வகை எளிது, காத்து போற வழில கலந்துடும். பெரிய கேம் போட்டா ஐடில்ல வேக்கம் சிக்னல் ஆடும், மேனிஃபோல்டு அழுத்தத்த அளக்குற எம்ஏபி சென்சார மட்டும் நம்ப முடியாது, த்ராட்டில் கோணத்த வச்சு கணக்கு பண்ற அல்ஃபா-என் முறைக்கு போகணும்.

வழில நின்னா என்ன பண்றதுன்னும் பாக்கணும். எஸ்யூன்னா ஒரு ஸ்க்ரூ டிரைவர், ரெண்டு ஸ்பேனர், ஒரு ஸ்பேர் ஃபுளோட் நீடில் போதும். வெபரும் கிட்டத்தட்ட அப்படி தான், ஐடில் ஜெட்ல தூசி அடைச்சா மேல் மூடிய கழட்டி ஊதி விடலாம். இன்ஜெக்‌ஷன்ல ஒரு கிராங்க் சென்சார் கனெக்டர் லூஸ் ஆச்சுன்னா லேப்டாப் இல்லாம தடவிட்டு இருக்கணும், அதனால அந்த வழிய எடுக்குறவங்க வயரிங்க சொந்தமா, நிதானமா, ஒவ்வொரு வயருக்கும் லேபிள் ஒட்டி, வரைபடம் எழுதி வச்சு பண்ணுங்க.

ஒன்னையும் வாங்கறதுக்கு முன்னாடி வால்வ் க்ளியரன்ஸ பாருங்க, கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுங்க, சிலிண்டருக்கு சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா எந்த கார்புரேட்டரும் அத மறைக்காது. இக்னிஷனையும் பாருங்க. டிஸ்ட்ரிப்யூட்டர்ல இருக்கிற பாயிண்ட்ஸ (கரண்ட்ட விட்டு விட்டு துண்டிக்கிற தொடுமுனை) எடுத்துட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போடுறது நல்ல, சின்ன அப்கிரேடு, ஆனா உள்ள இருக்கிற அட்வான்ஸ் வெயிட்டும் ஸ்ப்ரிங்கும் பழசாவே இருந்தா டைமிங் தப்பாவே தான் ஏறும். டிஸ்ட்ரிப்யூட்டர் ஷாஃப்ட்ட பக்கவாட்டுல ஆட்டி பாத்து ஆட்டம் இருந்தா முழுசா மாத்திடுங்க. சில்ஸ் (கதவுக்கு கீழ நீளமா ஓடுற பாடி பாகம்) துருப்பிடிச்சு கிடக்குற வண்டிக்கு இந்த பேச்சே இப்போ வேணாம், எம்ஜிபி-க்கு தனி சேசிஸ் கிடையாது, சில்ஸ் தான் வண்டிய தாங்குது, கதவு வாசலுக்கு குறுக்கு கம்பி வெல்டு பண்ணிட்டு முதல்ல அத வெட்டி சரி பண்ணுங்க.

என் முடிவு இது தான். இன்ஜின் ஸ்டாண்டர்டா, இல்ல லேசா மாத்தினதா இருந்தா நல்லா ஓவர்ஹால் பண்ண ரெட்டை எஸ்யூ, கூட நல்ல எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிப்யூட்டர், இதுக்கு மேல செலவு பண்ண காரணம் எனக்கு தெரியல. கேம், ஹெட்டு எல்லாம் ஏற்கனவே மாத்திட்டு அடிக்கடி 5000 ஆர்பிஎம்-க்கு மேல ஓட்டுறவங்களுக்கு வெபர், வைட்பேண்டோட சேத்து. தினமும் ஓட்டணும், மலை, குளிர், டிராஃபிக் எல்லாம் உண்டு, வயரிங் வேலை பிடிக்கும்னா இன்ஜெக்‌ஷன் போங்க, ஆனா ஒரே மூச்சுல போகாம முதல்ல கிராங்க் சக்கரமும் ஈசியூவும் வச்சு இக்னிஷன மட்டும் அதுக்கு மாத்துங்க, எஸ்யூ அப்படியே இருக்கட்டும், ஒரு சீசன் ஓட்டி பாத்துட்டு பெட்ரோல் பக்கம் கை வைக்கலாமான்னு அப்போ யோசிங்க.